கடுகு தாளிக்காத எட்டு வருடம்

சுதந்திரம் வந்த வருடம் தென்கோடியில், கொட்டாரம் என்ற ஊரை ஒட்டிய எங்கள் கிராமத்துக்குப் பெரியம்மையும் வந்தது. எனக்கு அப்போது ஐந்து வயது. மூன்று வாரத்தில் முத்து உதிர்ந்து எழுந்துவிட்டேன். ஆனாலும் எட்டு வருடம் நோயாளியாகவே இருந்தேன். பணிக்காலம் முழுவதும் கோப்பு பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: அத்தனை காலம் முடிவு காணாமல் கிடந்த இன்னொரு கோப்பை நான் பார்த்ததில்லை.

அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. பிள்ளை வெயிலில் இறங்கக் கூடாது, ஓடக் கூடாது, குளத்தில் குதிக்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அம்மனுக்கு நேர்ந்ததையும் செலுத்திய பிறகுதான் இந்த விலக்குகள் நீங்கும். தண்ணீர் ஊற்றியாயிற்று. நேர்ச்சைதான் நின்றுபோனது. படுத்திருந்தது நானும் என் தங்கையும். இருவரும் எழுந்தால் இரண்டு ஆள்ரூபம், அதாவது பிள்ளை உருவில் இரண்டு மண் பொம்மை, செய்து கோயிலில் வைப்பதாக அப்பா நேர்ந்திருந்தார். நான் மட்டும் எழுந்தேன்.

"ஒண்ண எடுத்துக்கிட்டவளுக்கு என்ன நேர்ச்சை வேண்டிக் கெடக்கு?" என்றாள் அம்மா.

"வைக்கலைன்னு இவனையும் எடுத்துக்கிட்டா?" என்றார் அப்பா.

அவள் சொல்லுக்காக அப்பா நேர்ச்சையைச் செலுத்தவில்லை, அவர் பயத்துக்காக அம்மா என் மேலிருந்த விலக்கை எடுக்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் தாளித்த குழம்பு, எனக்கு மட்டும் தாளிப்பதற்கு முன்பே கோரி எடுத்த குழம்பு.

இதை நான் துன்பமாகக் கருதினேன் என்று எழுதினால் அது பொய். களை பறிக்க ஆள் குறைந்தால் "அம்மை கண்ட உடம்பு" என்பேன். தேங்காய் சுமக்கச் சொன்னால் முகத்தைச் சற்றுத் திருப்பித் தழும்புகளை வெளிச்சத்தில் காட்டுவேன். பள்ளியில் டிரில் நேரம் முழுவதும் புளியமரத்தடியில் உட்கார்ந்து மற்ற பையன்களின் சட்டைகளுக்குக் காவலிருப்பேன். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார ஒருவனும் வரமாட்டான். என் படிப்பைக் கண்டு பயப்படுகிறார்கள் என்றே வெகுநாள் நம்பினேன்.

எட்டாம் வகுப்பில், சிதறால் மலைக்கு ஒரு நாள் கூட்டிப்போவதாக டிரில் சார் அறிவித்தார். மலைமேல் பாறையில் செதுக்கிய சிலைகள், சுனை, அங்கிருந்து பார்த்தால் தெரியும் தென்னைகள் என்று பையன்கள் ஒரு வாரம் வேறு பேச்சே பேசவில்லை. எனக்குப் போக வேண்டும். அதுவரை எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. கையைத் தூக்கினேன்.

கடற்கரை ஊர்க்காரரான சார் சிரித்துவிட்டார். "லேய் மக்கா, நீ கிரவுண்டுக்கே வராதவன்லா? மலையில வச்சி ஒனக்கு வல்லதும் ஆச்சிண்ணா ஒங்கம்மைக்கு ஆரு பதிலு சொல்லது? வீட்டுல சரின்னா வா."

நானே வளர்த்த பிணி, நானே அதற்குச் சாட்சி.

அன்று சாயங்காலம் அடுக்களை வாசலில் நின்று, பிற்காலத்தில் அலுவலகத்தில் எனக்குப் பெயர் வாங்கித் தந்த அதே குரலில் ஒரு யோசனை சொன்னேன். "ரெண்டு பேருக்கு நேந்தது, ஒராளுதான் எழும்பியிருக்கு. அப்போ ஒரு பொம்மை வச்சா தீந்துதுல்லா?"

அம்மாவின் கையிலிருந்த அகப்பை நின்றது. ஒரே வாக்கியத்தில் என் தங்கையைக் கணக்கிலிருந்து நீக்கியிருந்தேன். எங்கள் தாலுகாவே எந்த மாநிலத்தில் சேரும் என்று முடிவாகாமல் கிடந்த காலம் அது. பெரியவர்களால் முடியாததை நான் முடித்துவிட்டதாக உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா வயலுக்குப் போய்க் களிமண் கொண்டுவந்தார். முற்றத்தில் உட்கார்ந்து ஒரு பொம்மை பிடித்தார். தலை பெரிதாக, கால் சூம்பி, என்னைப்போலவே வந்தது.

அடுக்களைக்குள்ளிருந்து அம்மா கேட்டாள்: "மொகத்துல தழும்பில்லாம வச்சா, ஆரு பிள்ளைன்னு அம்மனுக்கு எப்பிடித் தெரியும்?"

அப்பா தென்னோலையிலிருந்து ஒரு ஈர்க்கிலை ஒடித்தார். "இஞ்ச திரும்புலே" என்று என் தாடையைப் பிடித்தார். என் முகத்தைப் பார்ப்பார், பொம்மையில் குத்துவார், மறுபடியும் பார்ப்பார். அம்மைக்குப் பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்த்து நான் அறியேன். என்னோடு பேசும்போதெல்லாம் என் தோளுக்குப் பின்னால் நிற்கும் யாரோ ஒருவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார். நெற்றி முடிந்து கன்னத்துக்கு வந்தபோது ஈர்க்கில் முனையை என் தழும்புக் குழியில் வைத்து அளந்தார். கூச்சத்தில் நான் சிரித்துவைத்தேன். "ஆடாதலே" என்றார்.

அம்மா வெளியே வந்தாள். மீதமிருந்த மண்ணை எடுத்து உருட்டி, உள்ளங்கையில் அடங்கும்படி இன்னொரு பொம்மை செய்தாள். அதன் முகத்தைத் தண்ணீர் தொட்டு வழவழவென்று தடவினாள். ஈர்க்கிலைத் தொடவே இல்லை.

"இதையும் கொண்டு வைங்க" என்றாள். "அவளும் எம்பிள்ளதான்னு தெரியட்டு."

மண் காய்ந்த பிறகு அப்பா இரண்டையும் துண்டில் பொதிந்து கோயிலுக்குக் கொண்டுபோனார். அம்மா கூடப் போகவில்லை. சிதறாலுக்குப் புறப்பட்ட அன்று காலை, வாழையிலையில் கட்டிய சோற்றை அவளே என் கையில் தந்தாள்.

மலை என்று பையன்கள் சொன்னதை ஒரு குன்று என்றுதான் சொல்ல வேண்டும். அதிலும் பாதிதான் ஏறினேன். உடம்பில் அம்மை இல்லை, அம்மன் கோபமும் இல்லை, ஆனால் புளியமரத்தடியில் உட்கார்ந்தே வளர்த்த கால்கள் அதற்கு மேல் ஏற மறுத்தன. ஒரு பாறையில் உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் பையன்கள் தங்கள் சோற்றுப் பொதிகளை என்னிடம் தந்துவிட்டு ஓடினார்கள்.

"முடியலியாலே?" என்று மேலிருந்து சார் கத்தினார்.

பசித்தது. என் பொதியைப் பிரித்தேன். புளிச்சோறு. ஒரு வாய் வைத்ததும் பல்லில் ஏதோ கடிபட்டது. கல் என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன். கடுகு. சோறு முழுக்க, கை தாராளமாக, எட்டு வருடத்துக்கும் சேர்த்துப் போட்டதுபோல் கடுகு.

ஒரு பருக்கை விடாமல் தின்றேன். பிறகு எல்லார் பொதிகளையும் பாறை இடுக்கில் வைத்துவிட்டு ஏறத் தொடங்கினேன். மற்றவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"எங்கலே போற? எல்லாம் பாத்தாச்சி!" என்றான் ஒருவன்.

"நான் பாக்கலல்லா" என்றேன்.