கிட்டுவின் ராட்டினம்

பம்பாய் மாதுங்காவில் குமாஸ்தாவாக இருந்த கிட்டுவிடம், சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போன விளையாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். யுத்த காலத்தில் இன்னொன்று கிடைக்காது. புதிதாக எதைக் கட்டினாலும் பழையதைக் கழற்றியாக வேண்டும்.

அவன் கட்டிய ராட்டினம் என்றால் டோம்பிவிலியில் வாழ்க்கைப்பட்ட அக்கா விசாலாக்ஷிக்கு உயிர். கொலுவில் குட்டிப் பொம்மைகளை அதில் உட்கார்த்தி அவள்தான் சுற்றுவாள்.

அந்த வருஷம் அக்கா சீக்காளி. ஆனாலும் சரஸ்வதி பூஜைக்கு வருவதாகச் சொல்லியனுப்பினாள். கிட்டுவோ பளுதூக்கி யந்திரம் கட்டிப் பார்க்கும் ஆசையில் ராட்டினத்தைக் கழற்றி, பிறகு பளுதூக்கியையும் கழற்றிப் போட்டிருந்தான். ராட்டினத்தை மறுபடி கட்ட அரை நாழி வேலைதானே என்று அசட்டையாக இருந்துவிட்டான். பூஜையன்று காலையில் பார்த்தால், மனைவி ராஜலக்ஷ்மி ஸ்பேனரையும் திருப்புளியையும் புஸ்தகங்களோடு பூஜையில் வைத்துவிட்டாள்.

"நாளைக்குப் புனர்பூஜை ஆகாம தொடப்படாது," என்றாள்.

அத்திம்பேர் தோளைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்த அக்கா கொலுவின் முன் உட்கார்ந்தாள். "ராட்டினம் எங்கேடா?"

"ஸ்பேனர் பூஜையில இருக்கு அக்கா. நாளைக்குக் கட்டிடறேன்."

"சரஸ்வதி எந்த நட்டை முடுக்கப் போறாளாம்?" என்று சிரித்தாள். சாயங்கால வண்டியில் டோம்பிவிலிக்குத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் கட்ட உட்கார்ந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது: எந்த நட்டையும் முதலில் விரலால் முடுக்குவதுதான் அவன் வழக்கம். பொம்மைகளைச் சுமக்க அந்தப் பிடியே போதும்.

தீபாவளிக்குள் அக்கா போய்விட்டாள். ராட்டினத்தை அவன் பிறகு கழற்றவே இல்லை. கொலுவுக்கு வந்தவர்கள் சுற்றினார்கள். அவன் கை வைக்க மாட்டான்.