ஊசியோ வெயிலோ

சுவிஸின் துன் நகரத் தபாலகத்தில் ஒருநாள் எனக்குப் பக்கத்தில் இருந்த அந்த அண்ணையை இன்னும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. இடுப்பில் அகலமான பட்டி, மடிப்புக் கலையாத சேர்ட், கையில் ஒரு கடிதம். தன் வரிசை எண் திரையில் வந்ததும் எண் சீட்டை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, இயந்திரத்தில் புதிதாக ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து மறுபடி அமர்வார். இரண்டு முறை பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டேன்.

ஹோட்டல் சமையலறை வேலையில் இடுப்பு நாரி போய், ஐ.வி என்கிற இயலாமை ஓய்வூதியத்தில் இருக்கிறாராம். யாழ்ப்பாணத்துக்கே போய்விட நினைத்து, இங்குள்ள மருத்துவக் காப்புறுதியை நிறுத்தச் சொல்லி எழுதிய கடிதம் அது.

"சுவிஸ் பாஸ்போட் இருக்கு, ஐ.வி காசு அங்கயும் வரும். காப்புறுதி வராது. போன வருசம் ஒரு மாசம் அங்க நிண்டனான், நாரி ஒருநாளும் நோகேல்ல. ஆனா இஞ்ச நோவுக்கு ஊசி போட்டிட்டுத்தான் போனனான். நோகாதது ஊசியாலயோ வெயிலாலயோ, ஆருக்குத் தெரியும்?"

"ஒருக்கா ஊசி போடாமல் போய்ப் பாருங்கோவன் அண்ணை," என்றேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி.

"முந்தி அப்பிடியும் போனனான். அப்பவும் நோகேல்ல." கடிதத்தின் மூலையை விரலால் நீவினார். "ஆனா அப்ப என்ர மனுசி இருந்தவ."

திரையில் அவருடைய எண் வந்தது. சீட்டை என் கையில் வைத்தார். அவர் தயவில் என் வேலை சீக்கிரம் முடிந்தது. திரும்பிப் பார்த்தபோது, புதிய சீட்டோடு, கடைசி ஆளாக இருந்தார்.