வாராவாரம் பார்க்கப் போனவள்

அந்தத் தெருவில் அவளுக்கு வேன்காரி என்றுதான் பெயர். மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே வேனில் ஜெயிலுக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொள்வாள். தாயோ, மனைவியோ, தங்கையோ, யாராக இருந்தாலும் ஓசிதான். அவளுடைய தம்பியும் ஒரு காலத்தில் உள்ளே இருந்தவன். அப்போது பஸ் கிடைக்காமல் நடுரோட்டில் நின்று அழுதது அவளுக்கு மறக்கவில்லை. விடுதலையாகி வருகிறவர்களையும் அவளே ஜெயில் வாசலில் போய் நின்று கூட்டி வந்து வீட்டில் விடுவாள்.

தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

“திருட்டு வண்டி வருது, செருப்பை உள்ள எடுத்து வை.”

“உன் பிஞ்ச செருப்பை எவன்டா தொடுவான்?” என்று கேட்டுவிட்டுத்தான் கியரையே மாற்றுவாள். வாய் அப்படி. பிடிவாதம் அதற்கும் மேலே.

அந்த வேனில் ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தவள் தையல்காரி. முன் சீட்டில் உட்கார்ந்தால் வாயைத் திறக்க மாட்டாள். கம்பிக்கு அந்தப் பக்கம் புருஷன் வந்து நிற்பான். அவன் முகத்தைப் பார்ப்பாள், திரும்பிவிடுவாள். காய்ச்சல் கொதிக்கும்போதுகூட வந்தாள். “புருஷன் மேல உசுரையே வெச்சிருக்கா” என்று வேன்காரி மற்ற பெண்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

அந்தப் புருஷன் ஒரு பெயின்டர். ஒரு கடைக்காரரை அடித்து உள்ளே போனவன். அவன் விடுதலையாகிற அன்று, சொல்லி அனுப்பியும் தையல்காரி வரவில்லை. வெட்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேன்காரி தனியாகப் போய் அவனை ஏற்றி வந்தாள்.

“அவ வரலையா? சரி. வீட்டுல பேசிக்கிறேன்” என்றான் அவன். அந்தக் குரலே சரியில்லைதான். வேன்காரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவனை வேனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்த் தையல்காரி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“தொறம்மா! யாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன் பாரு.”

உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. மேல் தாழ்ப்பாளும் விழுந்தது. ஜன்னல் மட்டும் ஒரு கை அகலத்துக்குத் திறந்தது.

“அந்தாளக் கூட்டிட்டுப் போயிடுங்கக்கா.”

“என்ன பேச்சும்மா இது? வாராவாரம் ஓடி ஓடி வந்து பாத்தியே!”

“உள்ளதான் இருக்கானான்னு பாக்க வந்தேன். கண்ணால பாத்தாத்தான் அந்த வாரம் எனக்குத் தூக்கம் வரும்.”

வேன்காரி திரும்பி வேனைப் பார்த்தாள்.

“என் தாடை ஏன் கோணியிருக்குன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? கடைக்காரரை அடிச்சதுக்கு ஜெயிலு. என்னை அடிச்சதுக்கு எவன் என்ன கேட்டான்? அவனுக்கு நீங்க வண்டி வெச்சுக் கூட்டியாறீங்க!”

மாடி வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “கட்டின புருஷனை வாசல்ல நிறுத்துறா பாரு, மகாராணி!”

“அவ்வளவு எரக்கமா? உங்க ரூம் காலியாத்தானே கெடக்கு, மேல அனுப்பட்டுமா?” என்றாள் வேன்காரி. மாடி ஜன்னல் படாரென்று மூடியது.

அதற்குள் பெயின்டர் இறங்கி வந்து கதவை எட்டி உதைத்தான். “தொறடி! என் வீடு இது!”

வேன்காரி கதவுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றாள். “இன்னொரு உதை விழுந்துச்சு, வண்டி நேரா ஸ்டேஷனுக்குத்தான். காலைல வெளிய வந்தே, சாயங்காலமே திரும்பிப் போறியா? ஏறு!”

பல்லைக் கடித்தான். தெருவே வேடிக்கை பார்த்தது. ஏறினான்.

ஊரின் மறுகோடியில் இருக்கிற தம்பியின் மெக்கானிக் ஷெட்டில் அவனை இறக்கிவிட்டாள். “சோறு உண்டு, வேலை உண்டு, படுக்க எடம் உண்டு. அந்தத் தெரு மட்டும் கெடையாது. தம்பி, இவன் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்.”

மறுநாள் ஒரு கனத்த இரும்புத் தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டு தையல்காரி வீட்டுக்குப் போனாள்.

“பின்னால யாரு?” என்றது ஜன்னல்.

“யாருமில்லம்மா. நான்தான்.”

“தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்றாள். ஜன்னல் வழியாக ஒரு கை வந்து தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டது.

“நானே மாட்டிக்கிறேன். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. உங்க வண்டிச் சத்தம் கேட்டா அவன் வந்துட்டான்னுதான் தோணுது.”

வேன்காரி திரும்பி நடந்தாள். அன்றிலிருந்து அந்தத் தெருப் பிள்ளைகளை முனையிலேயே நிறுத்தி ஏற்றிக்கொள்கிறாள். “உள்ள வர முடியாதோ? அவ்வளவு திமிரா?” என்று பெற்றவர்கள் ஏசுகிறார்கள். ஏசட்டும் என்று விட்டுவிட்டாள்.