நங்கூரம் போடாத படகுகள்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் நான்கு பேர் கல்பாக்கத்தில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். நான் தருமபுரி. மற்றவர்கள் கோயம்புத்தூர், தஞ்சாவூர், மதுரை. ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். மதுரைதான் எங்களில் சின்னவன்.

கடற்கரை ஹோட்டல் ஒன்று கழித்துப்போட்ட இரண்டு பைபர் படகுகளை ஆசைப்பட்டு வாங்கியிருந்தோம். இரண்டாம் சனிக்கிழமை வந்தால், வீட்டில் எத்தனை வேலை கிடந்தாலும் கிளம்பிவிடுவோம். பாலாற்றின் முகத்துவாரம் கோடையில் மணல் மூடிக் கிடக்கும். உள்ளே ஏரி மாதிரி தண்ணீர் தேங்கி நிற்கும், நடுவில் ஒரு மணல்திட்டு. கடை கிடையாது, ரோடு கிடையாது, மேலதிகாரி கிடையாது. அங்கே போய் உட்கார்ந்தால் எனக்கு வயதில் பத்து குறைந்துவிடும்.

ஒரே ஒரு உறுத்தல். எனக்கு நீச்சல் தெரியாது. படகு வாங்கிய அன்று மதுரை கேட்டபோது, "கிணத்துலயே வளர்ந்தவன்டா நான்" என்று அளந்துவிட்டேன். எங்கள் ஊர்க் கிணற்றில் குடம் முங்கினாலே திருவிழா. உண்மையைச் சொன்னால் படகில் ஏற்றமாட்டார்களோ என்ற பயத்தில் மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை. திட்டில் யாரும் குளிக்க இறங்காதது என் அதிர்ஷ்டம். உப்புத் தண்ணீர் தோலுக்கு ஆகாது என்பார் தஞ்சாவூர். சைனஸ் என்பார் கோயம்புத்தூர்.

அந்தச் சனிக்கிழமை கோயம்புத்தூர் மூன்று கல் வைத்து மீன் குழம்பு கொதிக்கவிட்டார். காரம் கண்ணைப் பிடுங்கியது. ஆனாலும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம். கை கழுவத் திரும்பியபோதுதான் பார்த்தேன். இரண்டு படகுகளும் தெற்குக் காற்றில் சேர்ந்தே போய்க்கொண்டிருந்தன.

தஞ்சாவூரும் மதுரையும் ஒரு படகை இன்னொரு படகோடு பிரமாதமாக முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். ஆனால் நங்கூரத்தை மதுரை போட்டிருப்பான் என்று தஞ்சாவூர் நினைத்திருக்கிறார். தஞ்சாவூர் போட்டிருப்பார் என்று மதுரை நினைத்திருக்கிறான். அலுவலகத்தில் ஒரு திருகாணியை மூன்று பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாங்கள்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணே, நீங்கதான் கிணத்து நீச்சலாச்சே. ஒரு எட்டுப் போய் இழுத்துட்டு வந்துருங்க" என்றான் மதுரை.

சட்டையைக் கழற்றினேன். மடித்தேன். சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தேன். படகுகள் இன்னும் பத்தடி தள்ளிப் போயின. காது மடல் சூடாகிவிட்டது.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றேன்.

கோயம்புத்தூர் கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்குந்தானுங்க" என்றார். தஞ்சாவூர் வேட்டியை இறுக்கிக்கொண்டு, "காவிரியில நான் படித்துறையோட சரி" என்றார். மதுரை தலை குனிந்துகொண்டான். வைகையில் நீச்சல் கற்றேன் என்று அவன் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மூன்று வருடம், இரண்டு படகு, நீச்சல் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. முதலில் யார் சிரித்தது என்று ஞாபகம் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் விழுந்து சிரித்தோம். மூன்று வருடப் பாரம் அந்தச் சிரிப்போடு இறங்கியது.

சற்றுத் தள்ளித் தண்ணீரில் ஒரு பெண்ணின் தலை மட்டும் தெரிந்தது. கழுத்தளவு ஆழம் என்று நினைத்தோம்.

"இன்னாத்துக்கு இப்டி சிரிச்சிகினு கீறீங்க?" என்றது அந்தத் தலை.

"படகு போகுதுங்க அம்மிணி. எங்களுக்கு நீச்சல் தெரியாதுங்க" என்றார் கோயம்புத்தூர்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். தண்ணீர் அவள் இடுப்புக்குத்தான் இருந்தது. உட்கார்ந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீச்சலு இன்னாத்துக்கு? அந்தாண்ட வரிக்கும் இவ்ளோதான் கீது. நடந்து போய்ப் புடிங்க" என்றாள்.

கைகோத்துக்கொண்டு இறங்கினோம். முழங்கால், தொடை, இடுப்பு. அதற்கு மேல் ஏறவே இல்லை. சைனஸ்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை முங்கினார். தஞ்சாவூர் என் முகத்தில் தண்ணீரை வாரி அடித்தார். படகைப் பிடித்த பிறகும் ஒரு மணி நேரம் நாங்கள் கரையேறவில்லை.

திரும்பும்போது நானும் மதுரையும் ஒரே படகில். அவன் துடுப்புப் போட்டபடி மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, படகு ஆடுறப்பல்லாம் எனக்கு உயிரே போயிரும். உங்க மூஞ்சியப் பார்ப்பேன். கவுந்தா நீங்க தூக்கிருவீங்கன்னு ஒரு தைரியம். அதுலதான் மூணு வருசமா ஏறுனேன்."

"நான் உன் மூஞ்சியத்தான்டா பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றேன்.