ஐயா பிரிக்காத பேப்பர்

மார்ச் மூன்று, செவ்வாய். காலை எட்டு மணிக்கு ஒரு டேனிஷ் ஜாஸ் ட்ரம்மரின் மரணத்தை ரொறன்ரோ வானொலி அறிவித்தது. துறைமுக மதுக்கடைகளில் தொடங்கியவர். மணிக்கட்டுத் தளர்ந்தபின் தடிகளை விட்டு, கம்பிப் பிரஷ்களால் மட்டும் வாசித்தவர். அதே நகரின் அஜின்கோர்ட் பகுதியில் என் தம்பி இறந்து ஒரு மாதமாகியிருந்தது.

அறிவிப்புக்குப் பின் வானொலியில் அந்தப் பிரஷ்கள் ட்ரம் தோலில் உரசின. யாழ்ப்பாணத்து வீட்டில் தம்பி, பிஸ்கற் தகரத்தின்மேல் பேப்பரை இறுக்கிக் கட்டி, இரண்டு ஈர்க்குக் கட்டுகளால் இதே சத்தத்தை எழுப்புவான். அப்பாவை நாங்கள் ஐயா என்போம்; அவர் பிரிக்குமுன் அன்றைய பேப்பரை எவரும் தொடக்கூடாது.

"ஐயா, பழைய பேப்பர் தொய்யுது. புதுசைத் தாங்கோ" என்றான் தம்பி.

"கொண்டுபோ. செய்தி எங்கை ஓடப்போகுது?"

"நான் கேட்டால் மட்டும் ஏசுறியள்" என்றேன்.

"நீ வாசிக்கவெல்லோ கேக்கிறாய். மடிப்புக் கலைஞ்சுபோகும்."

ஐயா கண்ணை மூடித் தாளம் கேட்டார். நான் முதலாம் இடம் பெற்ற பள்ளித் தேர்ச்சி அறிக்கைகளில் அவர் பேசாமல் கையெழுத்திடுவார். என் முனைவர் பட்டம் தம்பிமேல் எனக்கிருந்த பொறாமையைத் தணிக்கவில்லை. தம்பியின் மரணமும் தணிக்கவில்லை.

மீதமுள்ள வேலைகள்: தம்பியின் இசைத்தட்டுகளை அவன் மகளிடம் சேர்க்கவேண்டும். அவனுடைய ட்ரம்களுக்கு உறை போடவேண்டும். ஐயா என்னைப் பற்றி எப்போதாவது ஏதேனும் சொன்னாரா என்று தம்பியைக் கேட்கவேண்டும்.