ஆடாத எண்

போன செவ்வாய்க்கிழமை காலை புதுவாயலில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது மெகருன்னிசாவின் தம்பி போன் செய்தார். "அக்கா மவுத்தாயிட்டாங்க, சேகர் அண்ணே." ஓராண்டாக நோயோடு போராடியவர்தான். ஆனாலும் பஸ் வந்து நின்றபோது எனக்கு ஏறத் தோன்றவில்லை.

கும்மிடிப்பூண்டியில் நம் ரசாயன ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதற்குப் புரோகிராம் எழுதப் பழவேற்காட்டிலிருந்து வந்தவர் அவர். "கணக்கு தப்புன்னா திருத்திக்கலாம். கேள்வியே தப்புன்னா, விடை சரியா வந்து நம்மள ஏமாத்தும்" என்பார். அவரோடு வேலை செய்த நீங்களும் நானும் கேட்டுச் சிரித்திருக்கிறோம்.

சிரிக்க முடியாத ஒரு பகலும் இருந்தது. ரியாக்டரில் ரசாயனம் சூடாகிக்கொண்டிருந்தது. திரையில் எண்பத்திரண்டு டிகிரி. மெகருன்னிசா என் பின்னால் நின்று பார்த்தார்.

"சேகர், எவ்ளோ நேரமா இதே நம்பர் நிக்குது?"

"பத்து நிமிஷமா. நல்லதுதானே?"

"உயிரோட இருக்கிற நம்பர் கொஞ்சமாவது ஆடும். இது ஆடவே இல்ல."

ஓடினோம். ரியாக்டரின் மேலிருந்த டயலில் முள் நூற்றுப் பத்தைத் தாண்டியிருந்தது. சூடு போதவில்லை என்று நம்பிய கம்ப்யூட்டர் நீராவியை விட்டுக்கொண்டே இருந்தது.

"டயல் பழசும்மா! இப்ப நிறுத்தினா பேட்ச் மொத்தமும் கெட்டுப்பூடும்" என்று மேனேஜர் கத்தினார்.

"வேற பேட்ச் போட்டுக்கலாம் சார். இது வெடிச்சா? கீழ ஆளுங்க வேல செஞ்சிக்கினு இருக்காங்க."

சொல்லிக்கொண்டே நீராவி வால்வை இரண்டு கைகளாலும் மூடினார். நான் குளிர்நீரைத் திறந்தேன். முள் நூற்றுப் பதினெட்டுக்கு ஏறி, அங்கேயே நடுங்கியது. வெகுநேரம் கழித்து இறங்கத் தொடங்கியது.

மறுநாள் விசாரணை. வெப்பத்தை அளக்கும் வயர் அறுந்திருந்தது. அதைப் பராமரிக்க வேண்டிய ஃபிட்டர் டில்லி தலைகுனிந்து நின்றார். வேலை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவருடைய ஷிப்ட் இன்சார்ஜ் நான். வாயைத் திறக்கவில்லை.

மெகருன்னிசா எழுந்தார். "வயர் அறுந்தா கடைசி நம்பரையே காட்டுன்னு புரோகிராம்ல எழுதினது நான் சார். திரை பொய் சொன்னது என்னால. டில்லிய மட்டும் குத்தம் சொல்லாதீங்க."

அந்த வரியை அவரைத் தவிர யாரும் படித்ததில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாம்.

டில்லியின் வேலை தப்பியது. மெகருன்னிசாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, அன்றே அந்த வரியை மாற்றினார்: அளவு கிடைக்காவிட்டால் நீராவி நிற்கும், திரையில் கேள்விக்குறி வரும். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டும். அதுல இன்னா வெக்கம்?"

அன்று அவர் எழுந்தபோது நாற்காலி தரையில் இழுபட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கூட்டத்தில் யாராவது தனியாக மாட்டிக்கொண்டு நிற்கும்போது அது கேட்கிறது. இப்போதெல்லாம் நானும் எழுந்துவிடுகிறேன்.