குறைத்துச் சொன்னவர்

பெரிய வேலைக்கு மனுப் போட்டவர்கள் சொல்வதெல்லாம் மெய்தானா என்று பார்த்துவருவது ஞானசேகரனின் பிழைப்பு. ஃபோர்ட்டில் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில், மாதுங்காவாசியான வெங்கடேஸ்வரன் நடத்திவந்த ஆபீஸ் அது. கம்பெனிக்காரர்கள் மானேஜரையோ எஞ்சினீயரையோ எடுக்கும் முன் இங்கே பெயரைக் கொடுத்துவிடுவார்கள். ஆள் சொன்ன இடத்தில் இருந்தாரா, சொன்ன சம்பளம் வாங்கினாரா, ஏன் விலகுகிறார் என்று ஞானசேகரன் போய் விசாரித்து வருவான்.

அதற்கென்றே செய்துவைத்தது போன்ற உருவம். ஒடிசல், கூர்மூக்கு, இரண்டு பக்கமும் நாலு நாலு மயிர் நீட்டிய மீசை. பீடாக் கடை ஓரத்தில் நின்றால் கடைக்காரனே கவனிக்கமாட்டான். தாராவியில் பிறந்து வளர்ந்ததால் இந்தி நாக்கில் வழுக்கிக்கொண்டு ஓடும். மதராசி என்று ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. அவனும் காட்டிக்கொண்டதில்லை. விசாரிக்கப் போகும் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தமிழ்க்காரர் வீடென்றால் தமிழில் வாய் திறப்பதுமில்லை. ஒருமுறை திறந்துவிட்டுப் பட்டிருக்கிறான். “தம்பிக்கு எந்த ஊரு?” என்று ஆரம்பித்தவர், காப்பி ஆறுவதற்குள் அவனைத் தன் கொழுந்தியாளுக்குச் சித்தப்பா மகனாக்கிவிட்டார். அதன்பிறகு அவரைப் பற்றி எப்படி எழுதுவது?

இத்தனை வருஷத்தில் அவன் பார்த்தவர்கள் எல்லோரும் கூட்டித்தான் சொன்னார்கள். சேல்ஸ் மானேஜர் என்றவர் முதலாளியின் மச்சினராக, மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் ஆபீஸ் வந்துபோனவராக இருப்பார். ஆயிரத்து இருநூறு என்றவர் எண்ணூறு வாங்கியிருப்பார். ஞானசேகரனுக்கு இதிலெல்லாம் கோபம் வந்ததில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் வயதைக் குறைப்பதில்லையா, அது மாதிரி.

அறுபத்து நாலில், மழை ஓய்ந்த சமயம், வானமாமலையின் பெயர் வந்தது. பம்ப்செட் கம்பெனி ஒன்றில் தலைமை எஞ்சினீயர். கம்பெனியை விற்றுவிட்டார்கள், மாசக் கடைசியோடு வேலையும் போகிறது, செம்பூரில் கம்பெனி கொடுத்த வீடும் போகிறது. வடாலாவில் இரும்பு வார்ப்பு ஆலை வைத்திருந்த சுந்தர்தாஸ் சேட்டிடம் வேலை கேட்டிருந்தார். சேட்டுக்கு இங்கிலீஷ் ஆகாது. காகிதத்திலும் நம்பிக்கை கிடையாது. ஆளை எதிரே உட்காரவைத்து இந்தியில் எல்லாவற்றையும் வாயால் கேட்டுக்கொள்வார். இப்போது வாங்கும் சம்பளம் ஆயிரத்து எழுநூற்று ஐம்பது என்று வானமாமலை சொன்னதாகச் சேட் வெங்கடேஸ்வரனிடம் தெரிவித்திருந்தார்.

ஞானசேகரன் பம்ப்செட் கம்பெனிக் காசாளரோடு இரண்டு நாள் ஒரே ரயிலில் போய்வந்தான். மூன்றாம் நாள் ஆபீஸுக்குத் திரும்பி, வெங்கடேஸ்வரன் எதிரே வந்து நின்றான்.

“என்னய்யா, முழிக்கிறீர்?”

“சம்பளம் ஒத்துவரல்ல சார்.”

“யாருக்குத்தான் ஒத்துவந்துது. எவ்வளவு கூட்டியிருக்கான்?”

“கூட்டல்ல சார். குறைச்சிருக்காரு. நெசமா வாங்குறது ரெண்டாயிரத்து எழுநூத்தம்பது.”

வெங்கடேஸ்வரன் பொடி டப்பியை மூடினார். கூட்டிச் சொன்னவன் பேராசைக்காரன்; அவனை மன்னிக்கலாம். ஆயிரம் ரூபாயைக் குறைத்துச் சொல்கிறவன் எதையோ மறைக்கிறவன். டெலிபோனில் சேட்டும் அதையே சொன்னார்: சம்பளம் பெரிதில்லை, எப்படியாவது உள்ளே நுழைந்தால் போதும் என்கிறான், இரும்பு வாங்குகிற இடத்தில் உட்கார்ந்து மேல்வரும்படி பார்க்கிற ஆள்.

“வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பாரும். நாளைக்கே முடிவு சொல்லணுமாம்” என்றார் வெங்கடேஸ்வரன். “உம்ம அப்பாவோட ஜில்லாக்காரன்னு தயவு தாட்சண்யம் காட்டிடாதேயும்!”

ஞானசேகரன் வானமாமலைக்கு டெலிபோன் செய்து, வழக்கம்போல இந்தியில், எப்போது வரலாம் என்று கேட்டான். “பௌனே சே பஜே ஆயியே” என்று பதில் வந்தது. பரீட்சைக்குப் படித்த இந்தி. ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டு வந்தது. பௌனே என்றால் கால் குறைவு. ஆறுக்குக் கால் குறைவு, அதாவது ஐந்தே முக்கால்.

ஐந்தே முக்காலுக்குச் செம்பூரில் கதவைத் தட்டினான். வானமாமலையின் மனைவி சண்முகவடிவு திறந்து, “சாப் நஹி. பாத் மே” என்று, ஐயா இல்லை பிறகு வருவார் என்பதற்கு இருந்த இந்தியையெல்லாம் செலவழித்து, நாற்காலியைக் காட்டினாள். கூடத்தில் பாத்திரங்கள் பாதி சாக்கில் கட்டிக் கிடந்தன. எங்கே போவது என்று தெரியாமலே கட்டிய மூட்டைகள். தண்ணீர் வந்தது. அவன் தலையசைத்து மறுத்தான். அவள் சமையலறைக்குள் போய், ஜன்னல் வழியே பக்கத்து வீட்டு அம்மிணியைக் கூப்பிட்டாள். மதராசி அல்லாதவன்தானே உட்கார்ந்திருக்கிறான் என்று குரலைக் குறைக்கவுமில்லை.

“எக்கா, வந்துட்டான். இவன் எழுதுறதுலதான் எங்க பொழப்பு இருக்குன்னு காலைல இருந்து அவுகளுக்குச் சோறு எறங்கல. ஆளப் பாத்தா கருவாட்டு மோப்பம் புடிச்ச எலி மாதிரி இருக்கான்.”

“மெல்லப் பேசுங்கக்கா!” என்றாள் அம்மிணி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“அவனுக்கு என்ன எழவு புரியப்போவுது. ஆறே முக்காலுக்கு வாரும்னு அவுக படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காக. ஒரு மணிநேரம் முந்தியே வந்து குந்திக்கிட்டு, பச்சத்தண்ணி குடிக்க மாட்டேங்கான்.”

எலி என்றது ஞானசேகரனுக்கு உறைக்கவே இல்லை. ஆறே முக்கால் என்றதில் அவன் மனம் நின்றுவிட்டது. பௌனே சே. ‘பௌனே’ முக்கால், ‘சே’ ஆறு. இரண்டையும் சேர்த்தால் ஆறே முக்கால்! தமிழில் முக்காலை மேலே ஏற்றுகிறோம். இந்திக்காரன் கீழே இறக்குகிறான்.

அவன் மனைவி ஏஞ்சலம்மாளுக்கும் இது நடந்திருக்கிறது. நாசரேத்திலிருந்து வந்த புதிதில் தாதரில் உள்பாவாடைக்கு இரண்டே முக்கால் கஜம் துணி வேண்டுமென்று ‘பௌனே தோ கஜ்’ கேட்டு, ஒன்றே முக்கால் கஜத்தோடு வந்துநின்றாள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு வாரம் வைதாள். அந்தத் துணி தலையணை உறையானது.

சேட்டிடமும் வானமாமலை ‘பௌனே தோ ஹஜார்’ என்றிருப்பார். இரண்டே முக்கால் ஆயிரத்தைச் சொல்வதாக நினைத்து ஒன்றே முக்கால் ஆயிரத்தைச் சொல்லியிருக்கிறார். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போலிருந்தது. உடனே இன்னொன்று ஏறியது. இதைச் சேட் நம்பவேண்டுமே! மதராசியை மதராசி காப்பாற்றுகிறான் என்பார்.

வானமாமலை வேர்க்க விறுவிறுக்க வந்தபோது, வாயில் வந்த தமிழை விழுங்கிக்கொண்டு, வழக்கமான நாலு கேள்வியை இந்தியில் கேட்டுவிட்டு எழுந்தான். இப்போது திருத்திவிட்டால் நாளை நிரூபிக்க ஒன்றும் மிஞ்சாது. சண்முகவடிவு கதவருகே அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைத் தாண்டி வருவதுதான் சிரமமாக இருந்தது.

மறுநாள் கதையைக் கேட்டு வெங்கடேஸ்வரன் தும்மித் தும்மிச் சிரித்தார். “நன்னாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு மதராசியுமாச் சேர்ந்து காதுல பூ சுத்தறேள்னு சேட் சொல்வாரே!”

“நம்ம வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். மத்தியானம் அவரை வரச்சொல்லட்டும். சரியா ரெண்டே முக்காலுக்குச் சேட் மணி கேக்கட்டும். அது போதும்.”

சேட்டுக்கு இந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. வடாலா ஆபீஸில் வானமாமலையை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, மழை, ரயில், மக்கள் என்று பேச்சை இழுத்தார். கதவோரம் ஞானசேகரன் நின்றான். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் ஒன்பதைத் தொட்டது. சேட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, “கடி மே கித்னா பஜா?” என்று மணி கேட்டார்.

வானமாமலை திரும்பிப் பார்த்தார். “இட் ஈஸ்…” என்று தொடங்கினார்.

இந்தக் கோணத்தை ஞானசேகரன் யோசிக்கவேயில்லை. இங்கிலீஷில் சரியாகச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

சேட்டுக்கு இங்கிலீஷ் ஆகாது என்பது அந்தக் கணத்தில் வானமாமலைக்கு நினைவு வந்தது. சொல்லை விழுங்கினார். நிமிர்ந்து உட்கார்ந்து, வாத்தியாருக்கு ஒப்பிப்பவர் போலச் சொன்னார்:

“பௌனே தோ பஜே ஹைன், சேட்ஜி.”

சேட்டுக்குச் சம்பளக் கணக்கும் விளங்கிப்போயிற்று; மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் வானமாமலை கையைப் பிசைந்தார். சேட் பென்சிலை நீட்டி, சம்பளத்தை எண்ணால் எழுதும்படி சொன்னார். எழுதியதைப் பார்த்தார். ஆள் மலிவாகக் கிடைக்கிறான் என்று முதலில் தான் சந்தோஷப்பட்டதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, “தீன் ஹஜார்” என்றார். “பௌனே கீனே ஒன்றும் கிடையாது. முழு மூன்று. அடுத்த மாசம் வந்துவிடு.”

படியிறங்கும்போதும் வானமாமலைக்குப் பாதிதான் விளங்கியிருந்தது. ஞானசேகரன் இரண்டு படி பின்னால் வந்தான். வேலை முடிந்துவிட்டது, இனிப் பேசலாம்.

“அண்ணாச்சி, பௌனேன்னா கால் கம்மி. பௌனே தோன்னா ஒண்ணே முக்கால். இனிமே சாமான் வாங்குற எடத்துல பாத்துச் சொல்லுங்க.”

வானமாமலை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். “நீரு தமிழா வே?”

“அப்பா மெஞ்ஞானபுரம். பொறந்தது தாராவி.”

“அட நாசமாப் போவ… நேத்து வீட்டுல அவ்வளவு நேரம் இருந்தீரே!” சொல்லும்போதே அவர் முகம் மாறியது. “எம்பொஞ்சாதி ஏதாவது பேசினாளா? அவளுக்கு வாய் சும்மா இருக்காதே?”

ஞானசேகரன் மீசையைத் தடவிக்கொண்டான்.

“ஒண்ணும் பேசல்ல அண்ணாச்சி. மூட்டையை அவுத்துப்புட்டு, ஞாயித்துக்கெழம கொஞ்சம் கருவாடு வறுக்கச் சொல்லுங்க. மோப்பம் புடிச்சு வந்துருதேன்.”